தெளியவைத்து அனுப்பிய தண்ணீர்

அந்தக் கேன்களை நான்தான் நிரப்பினேன். வேறு யார் கையும் அதில் படவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் இன்றைக்கும் அந்தப் பேச்சு வந்தால், யூனிவர்சிட்டிக்காரர்கள் சாயப்பட்டறை பக்கம் சாய்ந்துவிட்டார்கள் என்றுதான் சொல்கிறார்கள். தண்ணீரைச் சோதிக்க வந்த அந்தப் பெண் மேல் ஒரு குற்றமும் கிடையாது.

எங்கள் ஊருக்குத் திருப்பதியிலிருந்து வடமாலபேட்டையைத் தாண்டி, மெட்ராஸ் ரோட்டை விட்டு உள்ளே போகவேண்டும். எங்களுக்கு நிலம் என்று ஒன்று வந்ததே நான் கல்யாணமாகி வந்த பிறகுதான். காலனியில் இருந்தவர்களுக்கு சர்க்கார் பட்டா கொடுத்தது. எங்களுக்கு வந்தது ஒரு ஏக்கர், கல்லும் கருவேலமுமாக. என் வீட்டுக்காரரும் நானும் இரண்டு கோடை பாறை உடைத்துக் கிணறு எடுத்தோம். அதற்கு முன்னால் ஊர்க் கிணற்றில் நாங்கள் கயிறு போடக்கூடாது. குடத்தை வைத்துவிட்டுத் தள்ளி நிற்கவேண்டும். யாருக்காவது மனசு வந்து இறைத்து, உயரத்திலிருந்து ஊற்றினால் உண்டு. எங்கள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறவர்கள் யாரும் இல்லை. நான் இதை அழுதுகொண்டு சொல்லவில்லை. எப்படி இருந்ததோ அப்படிச் சொல்கிறேன்.

சொந்தக் கிணற்றில் தண்ணீர் ஊறியபோது போதகர் வந்து ஜெபம் பண்ணினார். அன்றைக்கு நான் எல்லாரையும் நிமிர்ந்து பார்த்தேன். அதற்குப் பிறகு குனியவில்லை. கர்வம் பிடித்தவள் என்று சொல்வார்கள். சொல்லட்டும். வேர்க்கடலை போட்டோம், நெல் போட்டோம், மூன்று கறவை வைத்திருந்தோம். வீட்டுக்காரர் போன பிறகும் நானும் மகனுமாக அந்த ஏக்கரை ஒரு வருஷம்கூடத் தரிசாக விடவில்லை.

பிறகு லுங்கியும் நூலும் வெளிநாட்டுக்குப் போக ஆரம்பித்த காலம் வந்தது. நகரி பக்கமெல்லாம் பவர்லூம் தறி ஓயாமல் ஓடியது. அங்கே நூலுக்குச் சாயம் ஏற்ற இடம் போதாமல் பட்டறைகள் எங்கள் பக்கம் நகர்ந்தன. எங்கள் நிலத்துக்கு மேல்பக்கம் ஒன்று வந்தது. அதில் வேலை கிடைத்ததென்று ஊரில் சந்தோஷம்தான். என் மகனும் ஒரு வருஷம் நூல் பிழியப் போனான். சாயம் பிழிந்த தண்ணீரை ஓடையில் விட்டார்கள். ஓடை எங்கள் வரப்பை ஒட்டிப் போகிறது. முதலில் ஓடை நிறம் மாறியது. இரண்டு வருஷத்தில் கிணறு மாறியது.

ஒரு வாரம் ரோஸ், ஒரு வாரம் ஊதா. பக்கத்து நிலத்துக்காரி வரப்பில் நின்றுகொண்டு கேட்பாள்.

"இன்னாக்கா, உங்க கெணத்துல ரோஸ்மில்க் எறைக்கிறீங்களாமே? ஒரு சொம்பு குடேன்."

"உங்க கெணறு அடுத்த வருசம் நொரை கட்டும், அப்போ வந்து நா கேக்கறேன்," என்பேன் நான். வாயால் ஜெயித்துவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிடுவேன். நாற்று இலை ஓரம் கருகியது. கடலை காய் பிடிக்கவில்லை. மாட்டுக்கு அந்தத் தண்ணீர் காட்டப் பயந்து இரண்டைக் கொடுத்துவிட்டோம். குடிக்க சர்ச் பக்கத்து அடிபம்பில் பிடித்து வந்தோம்.

என் மகனுக்குக் கல்யாணமாகி ஒரு குழந்தையும் இருந்தது. அவன் ஒருநாள் சாப்பாட்டில் கை வைத்தபடி சொன்னான்.

"அம்மா, இந்தத் தண்ணி சரியாச்சின்னா நா இங்கியே இருக்கேன். ஆவலன்னா நெலத்தக் குடுத்துட்டு குவைத்துக்குப் போறேன். மாமன் மவன் விசா பாத்துகினு இருக்கான்."

"துன்னுட்டுப் பேசு நைனா."

"துன்னுகினேதான் சொல்றேன். வர்ற பொங்கல் வரிக்கும் பாப்பேன். அப்புறம் என்ன ஒண்ணும் கேக்காத."

அவன் மிரட்டுகிறவன் இல்லை. சொன்னால் செய்கிறவன்.

அந்தச் சமயத்தில்தான் அந்தப் பெண் வந்தாள். திருப்பதியில் யூனிவர்சிட்டியில் ஆராய்ச்சி படிக்கிறவள், தெலுங்கு வீட்டுப் பெண். வயது இருபத்தைந்து இருக்கும். தோளில் பை, பை நிறைய பாட்டில். ஓடையில் ஒன்று, கிணற்றில் ஒன்று என்று அவளே பிடித்தாள். நல்ல வெயில். வேலை முடிந்ததும் வீட்டு வாசலில் வந்து நின்று, "பெத்தம்மா, குடிக்க கொஞ்சம் தண்ணி இவ்வண்டி," என்றாள்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். அவள் போட்டிருந்த நகை, பேச்சு, நடை எல்லாம் பார்த்ததும் எந்த மாதிரி வீடு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வீட்டுப் பானையில் தண்ணீர் தீர்ந்திருந்தது. பத்தடியில் சொந்தக் கிணறு, அதில் ஒரு டம்ளர் எடுத்துக் கொடுக்க முடியவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு அடிபம்புக்கு ஓடினேன். அந்த வயதில் நான் ஓடியதை ஊரே பார்த்தது. அவள் டம்ளரை அண்ணாந்து தூக்கி ஊற்றிக்கொள்ளவில்லை. வாய் வைத்துக் குடித்தாள். இன்னொரு டம்ளரும் கேட்டாள்.

அடுத்த முறை வந்தபோது ஒரு சின்ன குப்பியில் கருப்புத் தூள் கொண்டுவந்தாள். பள்ளிக்கூடத்து மரத்தடியில் பத்துப் பேர் கூடினோம். கற்பூரத்தை ஒரு குழாய் அடுப்பில் ஆவியாக்கிச் சுட்டால் அந்தக் கரி படியுமாம். சாதாரணக் கரி இல்லை. ஒரு தலைமுடியை நீளவாட்டில் ஆயிரம் ஆயிரமாகக் கிழித்தால் என்ன கனம் வருமோ அந்தக் கனத்தில், நடுவில் ஓட்டையோடு குழாய் குழாயாக இருக்குமாம். கண்ணுக்குத் தெரியாது. கார்பன் என்றாள், நானோ என்றாள். சாயம் அந்தக் குழாய்கள்மேல் போய் ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் மட்டும் தப்பி வரும்.

"டேய், கற்பூரம் வெல ஏறிடப்போவுது. இப்பவே ரெண்டு பொட்டலம் வாங்கி வெச்சிக்கோ," என்று ஒருத்தர் சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

எங்கள் கிணற்றுத் தண்ணீரை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் எடுத்தாள். அன்றைக்கு ஊதா. தூளைப் போட்டுக் குலுக்கினாள். மை மாதிரி ஆனது. கொஞ்ச நேரம் வைத்து, காகிதத்தில் வடிகட்டினாள். வடிந்து வந்த தண்ணீருக்கு நிறமே இல்லை. என் மகன் அந்தப் பாட்டிலை வாங்கி வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு தெளிவை அவன் அப்பா போன பிறகு நான் பார்க்கவில்லை.

அவள் நேரில் பேசியதை என் மகன் எனக்கு மறுபடி விளக்கிச் சொன்னான். தூளை அப்படியே போட்டால் தண்ணீரோடு போய்விடும். அதனால் கொட்டாங்கச்சிக் கரிமேல் அதைப் படியவைத்து, பெரிய டிரம்மில் மணலும் அதுவுமாக அடுக்கி, ஓடைத் தண்ணீரை அதன் வழியாக விடவேண்டும். அவளுடைய சார் ஒரு டிரம்முக்குத்தான் அனுமதி வாங்கியிருக்கிறார். எங்கள் ஊர் ஒன்று, இன்னொரு ஊர் ஒன்று, இரண்டில் எங்கே தேவை அதிகமோ அங்கே வைப்பார்கள். மூன்று மாதம், சனிக்கிழமைதோறும் கிணற்றுத் தண்ணீர் ஒரு கேன் திருப்பதிக்கு வரவேண்டும். அந்த வேலையை யாராவது பொறுப்பாகச் செய்யவேண்டும்.

"நா செய்றேன்," என்றேன்.

"உள்ளது உள்ளபடி பிடிங்க பெத்தம்மா. ஏமீ சேய்யக்கூடாது. அட்லானே அனுப்புங்க," என்றாள் அவள். என் காதில் விழுந்தது. விழவில்லை என்று சொல்லமாட்டேன்.

வெள்ளைக் கேன்கள் கொடுத்துவிட்டுப் போனாள். ஒவ்வொன்றிலும் ஒரு காகிதம் ஒட்டி ஊர் பெயரும் அதற்குக் கீழே என் பெயரும் எழுதியிருந்தாள். எனக்குத் தெலுங்கு எழுத்து வராது என்று தமிழிலும் யாரிடமோ எழுதி வாங்கியிருந்தாள். நான் பள்ளிக்கூடத்தில் நாலாவது தாண்டவில்லை, வேதாகமம் படித்துத்தான் எழுத்துக் கூட்டக் கற்றேன். என் பெயரை அந்த மாதிரி அழகாக எழுதி நான் பார்த்ததில்லை.

முதல் சனிக்கிழமை வாளி விட்டு இறைத்தேன். கருஞ்சிவப்பாக வந்தது, மேலே நுரை. கேனில் ஊற்றினால் வெள்ளைக் கேனுக்கு வெளியே அந்த நிறம் தெரிகிறது. அதற்கு மேல் என் பெயர். அந்தக் கேன் பஸ்ஸில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து திருப்பதி வரைக்கும் போகும். ஏறுகிறவன் இறங்குகிறவன் எல்லாம் பார்ப்பான். அங்கே பெரிய பெரிய படிப்புப் படித்தவர்கள் மேஜையில் போய் உட்காரும். எங்கள் கிணற்றிலிருந்து, எங்கள் கையால், முதன்முதலாக ஒருத்தர் கேட்டு வாங்குகிற தண்ணீர். என் டம்ளரில் வாய் வைத்துக் குடித்த பெண்ணுக்குப் போகிற தண்ணீர்.

என்னால் முடியவில்லை.

வீட்டில் தேத்தாங்கொட்டை இருந்தது. மழைக்காலத்தில் ஏரித் தண்ணீர் கலங்கினால் மண்பானைக்கு உள்ளே அந்தக் கொட்டையை உரைத்துவிட்டு ஊற்றுவோம், கசடெல்லாம் அடியில் தங்கிவிடும். உரைத்தேன். அரை நாள் வைத்தேன். மேலாக மொண்டு, வேட்டித்துணியை நாலு மடிப்பாக மடித்து வடித்தேன். இன்னொரு பானையில் மறுபடி உரைத்து, மறுபடி வடித்தேன். முழுக்கப் போகவில்லை. ஆனால் லேசான ரோஸ்தான் மிச்சம். பார்க்க லட்சணமாக இருந்தது. கேனை முந்தானையால் துடைத்துக் கண்டக்டர் கையில் கொடுத்தேன்.

நான் என்ன நினைத்தேன் என்றால், அவள்தான் நேரில் வந்து நிறத்தைப் பார்த்துவிட்டாளே, பாட்டிலிலும் பிடித்துப் போய்விட்டாளே. இந்தக் கேனெல்லாம் ஆபீஸுக்குக் காகிதம் கேட்கிற மாதிரி ஒரு சடங்கு. நாம் அனுப்பினோம் என்று கணக்குக்குக் காட்ட. அப்படித்தான் நினைத்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் வெள்ளிக்கிழமையே பானை வைத்து உரைத்தேன். எனக்குக் கை பழகப் பழகத் தண்ணீர் இன்னும் தெளிந்தது.

ஐந்தாறு வாரம் கழித்து அவள் என் மகன் செல்போனுக்குப் பேசினாள். அவன் என்னிடம் கொடுத்தான்.

"பெத்தம்மா, அங்க மழை வந்துச்சா? நீங்க அனுப்பற தண்ணில கலர் தக்கிப் போயிந்தி, கொறைஞ்சிடுச்சே."

மழை பெய்து இரண்டு மாதமாகியிருந்தது. "ஆமா பாப்பா, பேஞ்சுது," என்றேன். மகன் மாட்டுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தான், அவன் காதில் விழவில்லை. அந்த ஒரு பொய்க்குப் பிறகு நிறுத்தவும் முடியவில்லை. திடீரென்று சிவப்பாக அனுப்பினால் கேட்பாளே.

மூன்று மாதம் முடிந்து பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். அவளும் அவளுடைய சாரும் வந்திருந்தார்கள். மண்டல ஆபீஸிலிருந்து ஒருத்தர். பட்டறை முதலாளி வெள்ளைச் சட்டையில் முன்வரிசையில். சார் தெலுங்கில் பேசினார், படிக்கத்தான் எனக்கு வராது, கேட்டால் புரியும். இந்தக் கிணற்றில் முதலில் சாயம் நிறைய இருந்தது, பிறகு வாரா வாரம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது, மண் தானாகவே வடிகட்டுகிற மாதிரி தெரிகிறது, அது நல்ல விஷயம். அந்த இன்னொரு ஊரில் குறையவே இல்லை. அதனால் டிரம்மை அங்கே வைக்க முடிவு செய்திருக்கிறோம்.

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். அவளுக்கு டிரம்மை எங்கள் ஊரில் வைக்கத்தான் ஆசை.

முதலாளி எழுந்தார். எங்கள் தெருவைப் பார்த்துத்தான் பேசினார்.

"நா சொன்னா கேக்கல. இப்போ யூனிவர்சிட்டியே சொல்லிட்டாங்க. எங்க தண்ணி உங்க கெணத்துக்குப் போயி சுத்தமாவுதாம். ஊட்டுக்கு ஒரு பட்டற வெச்சிக்கலாம் போலக்கீது!"

சிரிப்பு எழுந்தது. என் மகன் எழுந்து நின்று கத்தினான். "வாங்க சார், இப்பவே வாங்க, கெணத்துல வந்து பாருங்க! சிவப்பா கீதா இல்லியான்னு பாருங்க!" சார் பொறுமையாகச் சொன்னார், ஒரு நாள் கண்ணால் பார்ப்பது கணக்கில்லை, பன்னிரண்டு வார அளவு கையில் இருக்கிறது. மண்டல ஆபீஸ்காரர் அந்தக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

நான் அப்போது எழுந்திருக்கவேண்டும். இரண்டு வார்த்தை போதும். நாற்பது ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள், ஊர்த்தெருவும் எங்கள் தெருவுமாக. எழுந்து என்ன சொல்வது? எங்கள் தண்ணீரைப் பார்த்து எனக்கே வெட்கமாக இருந்தது, அதனால் பொட்டு வைத்துப் பூ வைத்து அனுப்பினேன் என்று அந்த முதலாளி முன்னால் சொல்வதா? ஆயுசு முழுக்க நிமிர்ந்து நடந்தேன் என்று சொன்னேனே, அந்த ஒரு தடவை எழுந்து நிற்கவேண்டியவள் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு வாரம் தூக்கம் இல்லை. சர்ச்சில் பாட்டு வாயில் வரவில்லை. பிறகு ஒரு திங்கட்கிழமை பானையில் தெளியவைக்காத தண்ணீரை ஒரு கேனில் பிடித்து, துணி சுற்றி, நானே பஸ் ஏறித் திருப்பதிக்குப் போனேன். யூனிவர்சிட்டிக்குள் விசாரித்து விசாரித்து அவள் இருந்த அறையைக் கண்டுபிடித்தேன். கண்ணாடிச் சாமான் நடுவில் வெள்ளைக் கோட்டுப் போட்டு நின்றிருந்தாள். ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

சொன்னேன். கொட்டை உரைத்தது, துணியில் வடித்தது, மழை பெய்ததாகச் சொன்னது எல்லாம் சொன்னேன். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் ஒரு நோட்டை எடுத்து, பக்கம் பக்கமாகப் பார்த்து, பேனாவால் ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே ஒரு கோடு போட்டாள். பன்னிரண்டு கோடு. அது அவள் மூன்று மாத வேலை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஏந்துகு பெத்தம்மா? ஏன் அப்படி செஞ்சீங்க?"

காரணம் என் நாக்கு நுனிவரை வந்தது. உன் மாதிரி வீட்டில் யாரும் எங்கள் கைத்தண்ணீரைக் கேட்டதில்லை, நீ கேட்டாய், அதனால்தான் என்று. அவள் முகத்தைப் பார்த்தேன். அதைச் சொன்னால் அவள் அழுவாள், பிறகு என் டம்ளரில் குடித்ததை வேறு மாதிரி நினைத்துக்கொள்வாள். இரக்கப்பட்டு யாரும் என்னைப் பார்க்கக்கூடாது.

"தெரியாமப் பண்ணிட்டேன் பாப்பா," என்றேன். "படிக்காதவ. எனக்கு இன்னா தெரியும்?"

அறிவில்லாதவள் என்று நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவளும் அப்படியே நம்பினாள். என் கையைத் தட்டிக்கொடுத்தாள். துணியைப் பிரித்துக் கேனை வாங்கி, ஒரு கண்ணாடியில் ஊற்றிப் பார்த்தாள். ரத்தம் மாதிரி இருந்தது. சாரிடம் சொல்கிறேன், கடிதம் எழுதச் சொல்கிறேன் என்றாள். டிரம் அந்த ஊரில் இறங்கிவிட்டது, இனி இன்னொன்றுக்கு அனுமதி வாங்க வருஷமாகும் என்றும் சொன்னாள். கடிதம் எழுதினார்களோ என்னவோ. மண்டல ஆபீஸில் என் மகன் போய்க் கேட்டபோது பழைய காகிதத்தைத்தான் காட்டினார்கள். அவள் மறு வருஷம் மேல்படிப்புக்கு வெளிநாடு போய்விட்டாள். போகும்முன் போன் பண்ணிச் சொன்னாள்.

பொங்கல் வந்தது. மகன் சொன்னபடி செய்தான். நிலத்தை வாங்க அந்த முதலாளியைத் தவிர யார் வருவார்கள்? கிணற்றோடு அவருக்கே போயிற்று. பத்திரம் எழுதிய அன்று மகனிடமும் சொன்னேன். அவன் கேட்டான்.

"ஏம்மா? ஏன் அப்டி பண்ண?"

"தெரியல நைனா. தெரியாமப் பண்ணிட்டேன்."

அவனிடமாவது உள்ளதைச் சொல்லியிருக்கலாம். ஊர்க் கிணற்றில் தள்ளி நின்றவள் வயிற்றில் பிறந்தவன்தானே, புரிந்துகொண்டிருப்பான். ஆனால் அவன் அந்தக் காலத்தைப் பார்த்ததில்லை. பார்க்கவேண்டாம் என்றுதான் பாறை உடைத்தோம். அவன் என்னைக் கோபிக்கவில்லை. "உடும்மா, உனக்கு இன்னா தெரியும்," என்று சொல்லி எழுந்து போனான். அந்த வார்த்தையை நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன், வேறு யாரை நோவது?

இப்போது மருமகளும் பேத்தியும் நானும் திருப்பதியில் ஒரே அறையில் இருக்கிறோம். மருமகள் ஒரு லாட்ஜில் அறை கூட்டுகிறாள். அந்த இன்னொரு ஊரில் வைத்த டிரம்மும் வருஷம் திரும்புவதற்குள் தூள் மாற்ற ஆள் இல்லாமல் நின்றுவிட்டது, அது நம்ம ஊருக்கு வந்திருந்தாலும் இதே கதிதான் என்று மருமகள் எனக்கு ஆறுதல் சொல்வாள். எனக்கு அது ஆறுதலாக இல்லை. எங்கள் ஊரில் அது நின்றுபோயிருந்தால் என் மகன் போய் நின்று ஓட்டியிருப்பான். அவன் அந்தப் பாட்டிலை வெயிலில் பிடித்துப் பார்த்ததை அவள் பார்க்கவில்லை.

எங்கள் கிணறு இருந்த இடத்தில் பட்டறைக் கழிவைத் தேக்குகிறார்கள் என்று கேள்வி. நான் போகவில்லை.

மகன் ஞாயிற்றுக்கிழமை குவைத்திலிருந்து பேசுவான். சாப்பாடு, வேலை, வெயில் எல்லாம் விசாரிப்பேன். ஒருநாள் கேட்டேன், "அங்க ஆறு கொளம் ஒண்ணும் இல்லைன்றாங்களே, தண்ணிக்கு இன்னாடா பண்றீங்க?"

"கடல் தண்ணிய எடுத்து சுத்தம் பண்ணி குழாய்ல உட்றாங்கமா. நல்லாத்தான் கீது. ஊரே அதான் குடிக்குது."

ஒரு கடலையே சுத்தம் பண்ணுகிறார்களாம். போனை மருமகளிடம் கொடுத்துவிட்டேன்.